ஊட்டத்தூர்க் கல்லும் ஊவா மலையும்



அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவருடைய மேசையிலே தாள்களுக்குப் பஞ்சமில்லை. அத்தாள்கள் காற்றிற் பறவாதிருக்க ஒரு கல்லும் வேண்டியிருக்கிறது. கொஸ்லந்தை மலைச்சரிவில், மீரியபெத்தவுக்கு அண்மையிலுள்ள பாடசாலையிலே, நெடுநாளாக அந்தப் பணியைச் செய்துவரும் ஒரு கல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

அது உள்ளங்கையளவான கல். ஒரு பக்கம் கூன் விழுந்த முதுகுபோல் வளைந்திருக்கும். மறுபக்கம் பாத்திரத்தின் மூடிபோல் தட்டையாக இருக்கும். முதுகின்மேலே வரிவரியாக வளர்ச்சிக் கோடுகள் ஓடும். பார்த்தாற் சிப்பி, கீழே போட்டாற் கல். பல ஆண்டுகளுக்கு முன்னர், என் பாட்டனார் பிறந்த மண்ணை ஒருமுறையேனும் மிதித்துவர வேண்டுமென்ற ஆசையால் தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தேன். பெரம்பலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். உறவுமுறையில் எனக்குப் பெரியப்பாவாக வேண்டிய முதியவர் ஒருவர், தம் வீட்டுக் கதவு காற்றில் அடியாதபடி முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்து என் கையில் வைத்தார். "தம்பி, இதைச் சிலோனுக்குக் கொண்டு போ. உன் தாத்தா மாடு மேய்த்த காட்டிலே கிடந்தது" என்றார். கதவுக்கு முட்டாய் இருந்த கல், தாளுக்குப் பாரமாயிற்று. அதன் நிலைமையில் வேறு உயர்வு ஒன்றும் உண்டாகவில்லை.

ஒருநாள் கையொப்பம் வாங்க வந்த எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"சேர், இது கல்லா, சிப்பியா?"

"இரண்டுந்தான்."

"எங்கள் மலையிலும் இப்படிக் கிடைக்குமா, சேர்?"

கிடைக்காது என்றேன். ஏன் என்று கேட்டான். "நம் மலைக்கல் பூமியின் ஆழத்திலே வெந்த கல். அதிலிருந்த சிப்பியெல்லாம் அந்தச் சூட்டில் அழிந்துபோயின" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடையிற் பாதி பிழை. எந்தப் பாதி என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். நான் சரித்திரமும் தமிழும் கற்ற கலைப்பட்டதாரி. கல்லைப் பற்றிக் கற்றவனல்லேன். ஆயினும், விடை தெரியாமல் விடை சொல்லிவிட்ட ஆசிரியனுக்கு இரவிலே உண்டாகும் உறுத்தல் உண்டே, அதுதான் என்னை நூல்களைப் புரட்ட வைத்தது.

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே, இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது அந்தச் சீமை. மலைநாட்டுத் தமிழர் பலருடைய முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து வந்தவர்கள். என் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. இராசேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்டசோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஆயிரம் ஆண்டுப் பழைமை என்று சொல்லிச் சரித்திர மாணவராகிய நாம் பெருமூச்சு விடுகிறோம். அக்கோயிலுக்கு மேற்கே, 11 கோடி ஆண்டுப் பழைமை வயல்வரப்பிற் கிடக்கிறது. எங்கள் முன்னோர் கடலைத் தாண்டி வந்தவர்கள் என்று சொல்லுகிறோம். அவர்கள் புறப்பட்ட இடமே கடலின் அடித்தளந்தான்.

பூமி நூலார் கிரெத்தேசியக் காலம் என்று பெயரிட்டுள்ள பேரூழியிலே, கோந்துவானா என்னும் தென்பெருங்கண்டம் பிளவுண்டு, இந்தியாவும் அதனோடு ஒட்டியிருந்த நம் இலங்கையும் தனித்து மிதக்கத் தொடங்கின. அப்பிளவினூடாக வந்த கடல், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய பெரம்பலூர் எல்லை வரை நிலத்தின்மேல் ஏறிற்று. பின்னர் விலகிற்று, மீண்டும் ஏறிற்று. இவ்வாறு வருவதும் போவதுமாக ஐந்து கோடி ஆண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு வரவும் தன் வண்டலை விட்டுச் சென்றது.

இங்கே சுண்ணாம்புக்கல், களிப்பாறை என்னும் இரண்டையும் பிரித்தறிந்துகொள்வது நன்று. தெளிந்த, ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடலிலே பவளமும் சிப்பியும் சங்கும் செழித்து வளரும். அவற்றின் ஓடுகள் குவிந்து இறுகினால் சுண்ணாம்புக்கல். கரையிலிருந்து விலகி, அலையின் ஆரவாரம் எட்டாத அமைதியான நீரிலே, மாவினும் மெல்லிய சேறு மெல்ல மெல்லப் படியும். அச்சேறு இறுகினால், பழைய ஓலைச்சுவடி போல ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. ஆகவே ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல்லின்மேல் களிப்பாறை கிடந்தால், அங்கே கடல் ஆழமாயிற்று என்று கொள்ளலாம். சேறு உயிரினங்களின் உடல்களை விரைவில் மூடிவிடுவதால் அழுகலும் அரிப்பும் குறைகின்றன. மென்மையான வரியும் முள்ளும் கூட அதிற் பதிந்து நிலைக்கின்றன. இப்பதிவுகளையே உயிர்ச்சுவடுகள் என்கிறோம்.

அரியலூர்ச் சீமையின் தனிச்சிறப்பு யாதெனில், அப்படிவுகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடப்பதாகும். மேற்கே பழையன, கிழக்கே புதியன. காலையில் ஊட்டத்தூரிற் புறப்பட்டுச் சூரியனை நோக்கி நடக்கும் ஒருவன் ஒவ்வோரடியிலும் காலத்தில் முன்னேறிக்கொண்டிருக்கிறான். அறிஞர்கள் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என நான்கு தொகுதிகளாகப் பிரித்து, உலகெங்கும் அறியச் செய்துள்ளனர். ஊரார் அறியாத உலகப்புகழ் ஊட்டத்தூருக்கு வாய்த்திருக்கிறது.

பெரியப்பாவின் மகன் என்னைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் காரை என்னும் ஊர்ப்பக்கம் கொண்டுசென்றார். அங்கே கண்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மரமில்லை, புல்லும் அரிது. மழைநீர் அறுத்த ஓடைகளால் நிலமெங்கும் சுருங்கிக் கிடக்கிறது, தொண்டு கிழவியின் முகம்போல. செம்மையும் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிப்பாறை மேடுகள். இடையிடையே உப்புக்கீற்றுப்போல் ஒளிரும் ஜிப்சத் தகடுகள். குனிந்து பார்த்தால், துப்பாக்கிக் குண்டு போன்ற சிறுசிறு கற்கள். அவை பெலெம்னைட்டு எனப்படும் கடலுயிரின் உள்ளோடுகள். இன்றைய கணவாயின் தூரத்து உறவினம். அருகே அம்மோனைட்டின் உடைந்த துண்டுகள். சாளக்கிராமத்தைக் கண்டிருப்பவர்க்கு அம்மோனைட்டை விளக்க வேண்டுவதில்லை. சுருண்ட சக்கரம் போன்ற அதே உரு. இமயத்துக் கண்டகி ஆற்றிலே கிடைப்பது இன்னும் பழைய கடலுக்குரியது. கையில் எடுத்த துண்டை நான் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பெரியப்பாவின் கல் ஒன்றே போதுமென்று தோன்றிற்று.

கல்லக்குடிப் பக்கத்திலே இத்தொகுதியின் அடிப்பகுதி வெளிப்படுகிறது. அது ஒரு பழைய பவளத்திட்டு. அதனோடு சேர்ந்து கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறையும் உண்டு. காருடமங்கலத்திலே நத்தையும் சிப்பியும் நெருக்கமாகப் பதிந்த சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. மெருகேற்றினால் சலவைக்கல்லைப்போல் மின்னுவதால் அலங்காரப் பொருள்கள் செய்ய அதனை விரும்பி வாங்கினார்கள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற கல்லங்குறிச்சியிலோ பாறை முழுதுமே சிப்பி எனலாம். கிரைபியா என்னும் கூன்முதுகுச் சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. என் மேசைக்கல்லும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சாத்தனூரிலே, வெள்ளம் அடித்துவந்து கடலில் மூழ்கிய மரமொன்று, 18 மீற்றர் நீளத்திற்குக் கல்லாகிக் கிடக்கிறது. பூமி நூலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை 1940ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இன்று அது வேலியிட்டுக் காக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் முதலிற் படித்தறிந்தவர்கள் யார்? 1840ஆம் ஆண்டை அடுத்து, சென்னை அரசாங்க உத்தியோகத்தரான கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் இப்பக்கங்களிலும் புதுச்சேரி, விருத்தாசலப் பக்கங்களிலும் திரட்டிய சிப்பிகளை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு என்பவர் நிலத்தை அளந்து படம் வரைந்தார். அவற்றின் உயிர்ச்சுவடுகளைத் தனித்தனியே எடுத்து, பெயரிட்டு, படமெழுதி, பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் ஃபெர்டினான்ட் ஸ்டொலிஸ்கா. மொராவியா நாட்டிற் பிறந்து கல்கத்தாவிலே பணியாற்றிய அவர், 1874இல் கரக்கோரம் மலைகளிலிருந்து திரும்பும் வழியில் இறந்து, லடாக்கிலுள்ள லே நகரில் அடக்கமானார். வயது முப்பத்தாறு. திருச்சிச் சீமையின் சிப்பிக்கும் பனிமலையின் கல்லறைக்கும் இடையே எத்துணைத் தொடர்பு!

அரியலூர்த் தொகுதியின் மேலடுக்கிலே, கல்லமேட்டில், கடல் விலகிய பின் ஆற்றுமணலிற் புதைந்த பேருரு விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் அவற்றுள் ஒன்றிற்குப் பிருகத்காயசோரசு என்று 1980களின் பிற்பகுதியிலே பெயரிட்டனர். பிருகத்காயம் என்றால் பேருடல். நிலத்தில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாமென்று இன்றும் விவாதிக்கின்றனர். விவாதித்துத் தீர்ப்பதற்கு எலும்பு இல்லை. அவை பின்னாளில் உதிர்ந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை படங்களும் அளவுகளுமே. ஆறரைக் கோடி ஆண்டு காத்திருந்த எலும்பு, மனிதன் தோண்டி எடுத்த பின் சில ஆண்டுகளும் நிற்கவில்லை. அதற்கு மேலேயுள்ள நின்னியூர்த் தொகுதியில் அம்மோனைட்டு ஒன்றுகூட இல்லை. அப்பேரினம் உலகெங்கும் அழிந்த எல்லைக்கோடு, அரியலூர் வயல்களுக்கிடையே எங்கோ அமைதியாகக் கடந்து செல்கிறது.

சிப்பிக்கல் நிறைந்த இடத்தில் சீமெந்து ஆலை எழுவது இயல்பு. கல்லக்குடியில் 1939ஆம் ஆண்டில் ஆலை தொடங்கிற்று. அதன் உரிமையாளர் பெயரால் இரயில் நிலையத்திற்கு டால்மியாபுரம் என்று பெயர் சூட்டியதை எதிர்த்து 1953இல் நடந்த கிளர்ச்சியைத் தமிழர் அறிவர். பெயர்ப்பலகைக்காகத் தண்டவாளத்திலே தலைவைத்தவர்களைப் பற்றி எத்தனையோ எழுதப்பட்டுவிட்டன. அப்பலகைக்குக் கீழே கிடந்த பவளத்திட்டைப் பற்றி எழுதினோர் சிலரே. இன்று அரியலூரைச் சுற்றிப் பல ஆலைகள். கிரைபியா நாள்தோறும் பொடியாகிறது. இதனை ஒரேயடியாகக் குறைகூற எனக்கு மனமில்லை. சுரங்கம் வெட்டியதனாலேயே வெளிப்பட்ட படிவுகளும் பல. மேலும், தகரக் கூரையின்கீழ், ஓரறை லயத்திலே பிள்ளைகள் படித்து வளர்வதைக் கண்டுகொண்டிருப்பவன் சீமெந்துக்கு எதிராகப் பேசுவது எங்ஙனம்? ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு முகத்தை, ஒரே ஒரு வெட்டுச்சுவரை, பிள்ளைகள் வந்து பார்ப்பதற்காக விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும் என்றே கேட்பேன்.

நம் இலங்கையிலும் இவ்வகைப் பாறை உண்டு. ஆனால் மலைநாட்டிலே இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் இறங்குவது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில். அது அரியலூர்க் கல்லைவிட மிக இளையது. அதிலும் சிப்பியும் பவளமும் நுண்ணுயிரோடுகளும் பதிந்துள்ளன. 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறை ஆலையில் சீமெந்தானது அக்கல்லே. புத்தளத்துச் சீமெந்துக்கு அருவக்காட்டில் வெட்டப்படுவதும் அவ்வினமே. புத்தளத்துக்கு அண்மையில் தப்போவையிலே, யுராசிக் காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும் சிறு திட்டாகக் கிடக்கின்றன. சிப்பிக்குப் பதிலாக அங்கே பன்னம் முதலிய செடிகளின் இலைகள் பதிந்துள்ளன. சீவர்டு, ஹோல்ட்டம் என்னும் தாவரநூலார் 1922இல் அவற்றை விவரித்தனர். தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தில் இவை எவையும் இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஊவாவில் சுண்ணக்கல் இல்லையென்று சொல்வதற்கில்லை. பதுளை, வெலிமடைப் பக்கங்களிலே வெண்ணிறச் சலவைக்கல் நாடாக்கள் மலையினூடே ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்தார் அனைவரும் அதனை அறிவர். ஆனால் அறிந்ததாக அறியார். கவ்வாத்து வெட்டிய பின் மலைக்குப் போடும் டொலமைட் தூள் இருக்கிறதே, மண்ணின் புளிப்பை மாற்றுவதற்காகச் சாக்குச் சாக்காகச் சுமந்துசென்று தூவுகிறோமே, அது மலைநாட்டிலே வெட்டி அரைத்த இச்சலவைக்கல்லே. கல் நீரிற் கரையுமா என்று ஐயுறுவோர் சமனலவெவையை நினைத்துக்கொள்க. அங்கே நீரைத் தேக்கத் தொடங்கியதும், அணையின் வலப்புறத்து மலையினூடாக நீர் கசியலாயிற்று. சுண்ணக்கல் கரைந்து உண்டான பொந்துகளே காரணம்.

இச்சலவைக்கல் ஒருகாலத்திலே கடலடிச் சுண்ணாம்புப் படிவாக இருந்தது. ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கண்டங்கள் மோதி நெருக்கியபோது, அது பூமியின் ஆழத்தே புதைந்து, 700 பாகை செல்சியசிற்கும் மேலான வெப்பத்தில் வெந்து, பளிங்காக உருமாறிற்று. இதுவரை நான் மாணவனுக்குச் சொன்னது சரியே. "அதிலிருந்த சிப்பி அழிந்தது" என்றேனே, அதுதான் பிழை. அப்படிவு கடலில் விழுந்த காலம் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஓடுடைய உயிர்கள் உலகிலே தோன்றியதோ 55 கோடி ஆண்டுகளுக்கு அண்மையில். அழிவதற்கு அங்கே சிப்பியே இருக்கவில்லை! எழுதாத ஏட்டை எரித்ததாக நான் கதை சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் அறிந்தேன். அரியலூர்க் கடல் மேற்கே வந்து முட்டிய கரையும், அதன் அடியிலுள்ள தரையும், சார்னொக்கைட்டு முதலிய பழம்பாறைகளால் ஆனவை. நம் மலைநாட்டின் பாறைகளும் அவ்வினத்தன. என் பாட்டனார் பிறந்த ஊரின் அடித்தளமும் நான் வாழும் மலையும் உறவுக்கல் என்று சொல்லலாம். பெரியப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

மாணவனை மீண்டும் அழைத்தேன். அன்று சொன்னது பிழை என்று சொன்னேன். அதிபர் பிழை என்று சொல்வதைக் கேட்ட வியப்பிலே சிறிது நேரம் நின்றான். பிறகு, "அப்படியானால் எங்கள் கல்லில் அப்போது எந்த உயிரும் இருக்கவில்லையா, சேர்?" என்றான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருந்தன. சலவைக்கல்லின் உள்ளே சில இடங்களிற் கருமையாக மின்னும் செதிள்கள் உண்டு; அவை பென்சிற்கரி. அந்நுண்ணுயிர்களின் உடற்கரியே வெந்து அவ்வாறு ஆயிற்று என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இதைச் சொன்னதும் அவன் தன் சட்டைப்பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தான்.

அதன் பின்னர்க் கேட்டதுதான் அவன் முதலிலிருந்தே கேட்க விரும்பிய கேள்வி. "கல்லைப் பார்த்து, மலை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியுமா, சேர்?"

அவன் குடும்பம் மீரியபெத்தவிலிருந்து வந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் அவன் கைக்குழந்தை. அன்று காலை ஏழரை மணியளவில், பல நாள் மழையை உண்டிருந்த மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மேல் இறங்கிற்று. பாடசாலைக்கு முன்னரே புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். அவர்களுட் சிலருக்கு மாலையிலே திரும்பிச் செல்ல வீடும் இருக்கவில்லை, அழைக்கத் தாயும் இருக்கவில்லை. அன்று வகுப்பறையில் இருந்தவர்களின் முகங்களைப் பற்றி வானொலியிற் பேச என்னால் இயலாது.

காரையிலே களிப்பாறையின் ஏடுகளைக் கண்டவன் நான். அங்கே பருமணல் ஒருபால், நுண்சேறு ஒருபால் என நீர் பிரித்து அடுக்கியிருந்தது. மீரியபெத்த லயங்கள் நின்ற நிலத்திலோ அத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. வீட்டளவான பாறையும், தலையளவான கல்லும், கூழாங்கல்லும், செம்மண்ணும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நீர் அமைதியாகப் படியவைத்த நிலம் அப்படி இராது. முன்னொரு காலத்திலே மேலேயுள்ள செங்குத்து மலைமுகத்திலிருந்து சரிந்து விழுந்து, அடிவாரத்திலே தங்கிய பழஞ்சரிவுக் குவியல் அது. அத்தகைய குவியல் இறுகிய பாறையன்று. கடற்பஞ்சு போல் நீரை உறிஞ்சும். மண்மணிகளுக்கிடையே நீர் நிரம்பினால் பாரம் கூடும். மணியை மணி பற்றிக்கொள்ளும் பிடி தளரும். அடியிலுள்ள கரும்பாறையின்மேல் முழுவதும் வழுக்கும். ஒருமுறை சரிந்தது மறுமுறையும் சரியும் என்று அந்நிலம் தன்னைத் தானே எழுதி வைத்திருந்தது. பாதை வெட்டிய இடத்திலே அவ்வெட்டுமுகம் பலகாலம் திறந்து கிடந்தது. அதைக் கடந்து எத்தனை முறை நடந்திருப்பேன்! பெரம்பலூரில் சிப்பியைக் குனிந்து பார்த்த கண், சொந்த ஊரின் கல்லைக் குனிந்து பார்க்கவில்லை.

நான் படிக்காவிடினும் படித்தவர்கள் இருந்தார்கள். அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014இலும் மக்கள் அங்கேயே குடியிருந்தனர். ஏன் எழுந்து போகவில்லை என்று நகரத்திலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். நிலமும் வீடும் தனக்கென்று இல்லாதவன் எழுந்து எங்கே போவான் என்று நான் அவரைக் கேட்டேன். கல்லைப் படிப்பது ஒரு கல்வி. படித்ததைக் கொண்டு வாழ இடம் வேண்டும். அது கல்வித் திணைக்களத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது.

ஆகவே அம்மாணவனுக்கு நான் இவ்வாறு சொன்னேன்: மலை இறங்கும் நாளைக் கல் சொல்லாது. இறங்கக்கூடிய இடத்தைச் சொல்லும். பெருங்கல்லும் சிறுகல்லும் மண்ணும் ஒழுங்கின்றிக் கலந்த சரிவிலே, நெடுமழை பெய்யும்போது, தரையிற் புதுவெடிப்புத் தோன்றினாலும், மரமோ மின்கம்பமோ சாய்ந்தாலும், இல்லாத ஊற்றுத் திடீரென்று கிளம்பினாலும், தெளிந்து வந்த ஊற்று கலங்கினாலும், யார் சொல்லையும் எதிர்பாராதே. தங்கையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு சரிவின் பாதையைவிட்டு விலகிப் போ. கதவைப் பூட்ட நிற்காதே. மற்ற வகுப்புகளிலும் இதையே சொல்லச் செய்தேன். பாடத்திட்டத்தில் இதற்கு எத்தனை பாடவேளை என்று ஓர் ஆசிரியை கேட்டார். சமய பாடவேளையிலும் எடுக்கலாம் என்றேன்.

ஒரு கிழமை கழிந்தபின் அவன் கடதாசிப் பொட்டலம் ஒன்றோடு வந்தான். தோட்டத்துக் களஞ்சியத்தில் கேட்டு வாங்கிய ஒரு பிடி டொலமைட். ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க அறை நம்மிடம் இல்லை. ஆசிரியர் அறையில் வினாகிரிப் போத்தல் ஒன்றும் இரண்டு தேநீர்க் கோப்பைகளும் இருந்தன. மேசைக்கல்லின் உடைந்த விளிம்பிலிருந்து கத்தியால் சிறிது சுரண்டி ஒரு கோப்பையில் இட்டோம். டொலமைட்டை மற்றதில் இட்டோம். சூடாக்கிய வினாகிரியை இரண்டிலும் ஊற்றினோம். ஊட்டத்தூர்ச் சீமைச் சிப்பி உடனே நுரைத்தது. ஊவாவின் கல் ஒன்றும் செய்யவில்லை. பையனின் முகம் வாடிற்று. சற்றுப் பொறுத்து, கோப்பையின் அடியிலிருந்து ஒரு சிறு குமிழி. அதன் பின் ஒன்று. அதன் பின் நூலிழைபோல் வரிசையாக. நுரை கண்ணுக்கு நன்றாகத் தெரியவில்லை. ஆதலால் அவன் இரண்டு கோப்பைகளையும் கையில் எடுத்து, முதலில் ஒன்றையும் பின்னர் மற்றதையுமாகக் காதருகே பிடித்து, நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.